பத்தியம் முறித்த ஸ்ட்ராபெர்ரி!

பத்தியம் சொல்லி மருந்து கொடுத்தால், நாலாம் நாளே சிலர் வந்து நிற்பார்கள். ‘‘டாக்டர், வீட்டுல ஒரு விசேஷம்... இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விட்டுக்கொடுங்களேன்!’’ என்பார்கள். அந்த ஒரு நாள் ஒன்பது நாளாகும். நோய் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஓசோன் விஷயத்தில் பெரிய பெரிய நாடுகளே இப்படித்தான் நடந்துகொண்டன. விவகாரம் ஸ்ட்ராபெர்ரிப் பழத்தைப் பற்றியது. ‘அட, ஸ்ட்ராபெர்ரிக்கும் ஓசோனுக்கும் என்னங்க சம்பந்தம்?’ என்கிறீர்களா? சொல்கிறேன்.

மணமில்லாத விஷம்

மீதைல் புரோமைடு என்று ஒரு வாயு. நிறம் கிடையாது, மணமும் தெரியாது. நடவுக்கு முன் இதை மண்ணுக்குள் செலுத்தி, மேலே பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவிடுவார்கள். நூற்புழு, பூஞ்சை, களை விதை எல்லாம் காலி! கலிஃபோர்னியாவில் ஸ்ட்ராபெர்ரிக்கும், ஃபுளோரிடாவில் தக்காளிக்கும் இதைத்தான் நம்பியிருந்தார்கள்.

மனிதனுக்கும் இது விஷம். நுரையீரலையும் நரம்புகளையும் தாக்கும். இதற்கென்று தனி முறிவு மருந்து எந்த வைத்தியத்திலும் கிடையாது. 2015 மார்ச்சில் அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒரு விடுதியில் பூச்சி ஒழிக்க இதை அடித்தார்கள். வீடுகளுக்குள் பயன்படுத்த 1984-லேயே தடை வந்திருந்தும் அடித்தார்கள்! விடுமுறைக்கு வந்து அங்கே தங்கியிருந்த ஒரு குடும்பமே நரம்பு பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தது.

மண்ணிலிருந்து தப்பும் வாயு மேலே போனால், அதிலுள்ள புரோமின், ஓசோனைக் கரைக்கும். ஓசோன் மெலிந்தால் புற ஊதாக் கதிர் அதிகமாக இறங்கும். கண்புரை, தோல் புற்றுநோய் என்று அவதி நமக்குத்தான்.

பேரம் ஆரம்பம்

ஓசோனைக் காக்க 1987-ல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. 1992-ல் கோபன்ஹேகனில் மீதைல் புரோமைடையும் அதில் சேர்த்தார்கள். 1997-ல் கெடு குறித்தார்கள்: பணக்கார நாடுகள் 2005-லும், நம்மைப் போன்ற வளரும் நாடுகள் 2015-லும் நிறுத்திவிட வேண்டும்.

கூடவே ஒரு வாசலும் வைத்தார்கள். மாற்று வழியே இல்லை, நிறுத்தினால் சந்தை குலைந்துவிடும் என்று நிரூபித்தால் ‘அவசியப் பயன்பாட்டு விதிவிலக்கு’ உண்டு!

அந்த வாசலில் கூட்டம் நெரிந்தது. 1991-ல் பயன்படுத்திய அளவில் 39 சதவீதத்தை 2005-க்குக் கேட்டது அமெரிக்கா. ஆனால், 2003-லேயே எல்லோரும் 30 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும் என்பதுதான் விதி. அதாவது, குறைக்கச் சொன்ன இடத்தில் கூட்டிக் கேட்டார்கள்! 2003 நவம்பரில் நைரோபியில் பேச்சு முறிந்தது. இதற்கென்றே 2004 மார்ச்சில் மான்ட்ரியலில் சிறப்புக் கூட்டம் போட்டார்கள். கடைசியில் 35 சதவீதம். ஆனால், புதிதாக 30 சதவீதத்துக்கு மேல் தயாரிக்கக் கூடாது, மீதியைக் கையிருப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்று முடிந்தது. அமெரிக்காவோடு சேர்த்து 11 நாடுகள் விலக்குப் பெற்றன.

பத்தியம் பலித்தது

ஆனாலும் வருஷா வருஷம் கணக்குக் கேட்டார்கள். விலக்கும் தேய்ந்துகொண்டே வந்தது. அமெரிக்க ஸ்ட்ராபெர்ரி வயல்களுக்கு 2016-தான் கடைசி. மாற்றாக வந்த மீதைல் அயோடைடு இன்னொரு விஷம். எதிர்ப்புக் கிளம்பவே, 2012-ல் தயாரிப்பாளரே அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டார். அரிசித் தவிட்டை மண்ணில் கலந்து, நீர் பாய்ச்சி, பிளாஸ்டிக்கால் மூடி, காற்றில்லாமல் கிருமியை அடக்கும் முறையும் அங்கே வந்திருக்கிறது. தவிட்டின் மகிமை!

பலன்? பெரும்பாலான உலகில் 2040 வாக்கிலும், அன்டார்டிகா மீது 2066 வாக்கிலும் ஓசோன் 1980-ன் நிலைக்குத் திரும்பும் என்று ஐ.நா. அறிக்கை 2023 ஜனவரியில் சொன்னது.

ஒரு ஓட்டை மட்டும் பாக்கி. ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குக்குப் புகைபோட இன்றும் விலக்கு உண்டு. கனடாவிலிருந்து வரும் பட்டாணி, பருப்புக்கு இந்த வாயுவால் புகைபோட்டு அனுப்பச் சொன்னது நம் நாட்டு விதி. கனடா ஆட்சேபிக்க, பல வருஷம் தவணை தவணையாகத் தளர்வு கொடுத்தார்கள். பத்தியக் கதை நம்ம வீட்டுப் பருப்பு டப்பா வரை வந்துவிட்டது, பார்த்தீர்களா?

நாம் செய்யக்கூடியது

• பருப்பை வெயிலில் காயவைத்து, ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். நிழலில் உலர்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போட்டால் வண்டு அண்டாது.

• தானியத்துக்கு வைக்கும் விஷ மாத்திரைகளை வீட்டுக்குள் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அதிலிருந்து வரும் பாஸ்பின் வாயு தூக்கத்திலேயே உயிரைக் குடிக்கும்.

• மருந்தடித்த இடத்தில் தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் கை வைத்தியம் பார்க்காதீர்கள். வெளிக்காற்றுக்கு வந்து, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்!

• காலை 10 முதல் 3 மணி வரை வெயிலில் குடையும் பருத்தித் துணியும் துணையிருக்கட்டும். ஓசோன் முழுசாகத் தேறும்வரை இந்தப் பத்தியத்துக்கு விலக்கு கேட்காதீர்கள்!