எடை போட்டு எண்ணலாம், வாங்க!



பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘அணுக்களும் மூலக்கூறுகளும்’ பாடம் வந்ததும் வகுப்பில் ஒரு முணுமுணுப்பு கிளம்பும். “ஏல, மோல்னா என்னல?” என்று ஒருவன் கேட்பான். “6.022 × 10²³. மனப்பாடம் பண்ணிக்கோ” என்பான் பக்கத்தில் இருப்பவன். ஆனால் மனப்பாடம் பண்ணினவனுக்குப் பரீட்சையில் கணக்கைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் போச்சு! பதினொன்றாம் வகுப்பில் வேதியியல் எடுத்தால் முதல் பாடத்திலேயே இது திரும்ப வந்து நிற்கும். அதனால் இப்பவே நம்ம ஊர்ச் சாமான்களை வைத்துப் புரிந்துகொள்வோம்.

முதலில் டஜன்

குற்றாலம் சீசனில் ஒரு டஜன் ரம்புட்டான் வாங்கினால் மஞ்சப்பையில் போட்டுத் தூக்கிட்டு வந்திடலாம். ஒரு டஜன் பலாப்பழம் வாங்கினால் ஆட்டோ பிடிக்கணும். இரண்டிலும் எண்ணிக்கை 12தான். எடை மட்டும் வேறு வேறு.

மோலும் டஜன் மாதிரி ஓர் எண்ணிக்கையின் பெயர். ஒரு மோல் தண்ணீர் 18 கிராம். ஒரு மோல் இரும்பு சுமார் 56 கிராம். எண்ணிக்கை ஒன்றே, எடை வேறு. “ஒரு மோல் எத்தனை கிராம்?” என்று மட்டும் கேட்டால் பதில் கிடையாது. “எதனுடைய மோல்?” என்று திருப்பிக் கேட்கணும்.

அடுத்து நெல் மூட்டை

நம்ம பக்கத்து விவசாயிகளுக்கு அம்பை 16 தெரியும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம். நெல் ஆராய்ச்சியில் ‘ஆயிரம் மணி எடை’ என்று ஓர் அளவு உண்டு. ஆயிரம் நெல்மணி 24 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ மூட்டையில் எத்தனை மணி? உட்கார்ந்து எண்ணுவோமா? மாட்டோம்.

60,000 கிராம் ÷ 24 கிராம் = 2,500. அதாவது 2,500 ‘ஆயிரம்’. மொத்தம் 25 லட்சம் மணி. ஒரு மணியைக்கூடத் தொடாமல் எண்ணி முடித்தாச்சு!

மோல் கணக்கும் இதே கணக்குதான். ‘ஆயிரம்’ இருந்த இடத்தில் ‘மோல்’ என்று போடுங்கள். ‘ஆயிரம் மணி எடை’ இருந்த இடத்தில் ‘மோலார் நிறை’ என்று போடுங்கள்.

மோல்களின் எண்ணிக்கை = பொருளின் நிறை ÷ மோலார் நிறை

சூத்திரம் மறந்து போனால் நெல் மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

எதற்காக எண்ணணும்?

இதுதான் முக்கியமான இடம். அணுக்கள் ஒன்றோடு ஒன்று சேர்வது எண்ணிக்கைக் கணக்கில். தண்ணீர் மூலக்கூறு ஒன்றில் ஹைட்ரஜன் அணு 2, ஆக்சிஜன் அணு 1. அதை நம்பி 2 கிலோ ஹைட்ரஜனுக்கு 1 கிலோ ஆக்சிஜன் எடுத்தால் கணக்கு தப்பு. ஓர் ஆக்சிஜன் அணு ஹைட்ரஜனைப்போல 16 மடங்கு கனம். அதனால் 2 கிலோ ஹைட்ரஜனுக்கு 16 கிலோ ஆக்சிஜன் வேணும்.

வேதியியல் நடப்பது எண்ணிக்கையில். நம் கையில் இருப்பதோ தராசு. அந்த இரண்டுக்கும் நடுவில் போட்ட பாலம்தான் மோல்.

அந்தப் பெரிய எண்

10²³ என்றதும் பயப்பட வேண்டாம். கோடியைக் கோடியால் பெருக்கி, மறுபடியும் கோடியால் பெருக்கினால் 10²¹. ஆகவே ஒரு மோல் என்பது சுமார் 602 கோடி கோடி கோடி. நம்ம பாஷையில் சொன்னால் அவ்வளவுதான்.

ஒரு மோல் நெல்மணி வேணும்னா? உலகம் முழுக்க ஒரு வருஷம் விளையும் நெல் ஏறக்குறைய 80 கோடி டன். அதே அளவு வருஷா வருஷம் விளைந்தாலும் ஒரு மோல் சேர ஒன்றே முக்கால் கோடி வருஷத்துக்கு மேல் ஆகும்! அதனால்தான் நெல்லுக்கும் பழத்துக்கும் மோல் கிடையாது. அணு, மூலக்கூறு மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத பொடிசுகளுக்கு மட்டும்தான்.

இப்போ பேரருவிக்கு வாங்க. கொட்டுகிற தண்ணீரை விட்டுவிட்டு ஒரே ஒரு சொட்டைப் பிடிப்போம். 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்தால், 360 சொட்டு 18 மில்லி. அதுதான் 18 கிராம், ஒரு மோல். மருந்து குடிக்கும் 5 மில்லி கரண்டியில் மூன்றரைக் கரண்டிக்குச் சற்று அதிகம். 602ஐ 360ஆல் வகுத்தால், ஒரு சொட்டில் சுமார் 1.67 கோடி கோடி கோடி மூலக்கூறுகள்!

இந்த எண்ணுக்கு அவகாட்ரோ எண் என்று பெயர். ஆனால் இதைக் கண்டுபிடித்தவர் அவகாட்ரோ இல்லை. ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம கனஅளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811இல் சொன்னவர் அந்த இத்தாலிக்காரர். அவர் 1856இல் காலமானார். பிரான்சு நாட்டு விஞ்ஞானி ழான் பெரன்தான் 1909இல் இந்த எண்ணுக்கு அவர் பெயரைச் சூட்டினார்.

பழைய புத்தகங்களில் “12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை ஒரு மோல்” என்று இருக்கும். 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்று எண்ணையே நேராக நிர்ணயித்துவிட்டார்கள். நம் கணக்குகளில் விடை மாறாது.

இப்படி ஒரு விசித்திர எண்ணை ஏன் எடுத்தார்கள்? ஒரு வசதிக்காகத்தான். தனிம வரிசை அட்டவணையில் கார்பன் 12 என்றால் ஒரு மோல் கார்பன் 12 கிராம். ஆக்சிஜன் 16 என்றால் ஒரு மோல் ஆக்சிஜன் அணு 16 கிராம். அட்டவணையைப் பார்த்ததுமே எடை கைக்கு வந்துவிடுகிறது.

வயலுக்கு வரும் கணக்கு

யூரியா மூலக்கூறு ஒன்றில் கார்பன் 1, ஆக்சிஜன் 1, நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 4.

12 + 16 + (2 × 14) + (4 × 1) = 60

இந்த 60இல் நைட்ரஜன் 28. சதவீதம் பார்த்தால் 46.7. யூரியா மூட்டையைத் திருப்பிப் பாருங்கள், 46 சதவீதம் நைட்ரஜன் என்று போட்டிருக்கும். குறைந்தபட்ச அளவைத்தான் அச்சடிப்பார்கள். 45 கிலோ மூட்டையில் நைட்ரஜன் 20.7 கிலோ.

அம்மோனியம் சல்பேட்டில் நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 8, கந்தகம் 1, ஆக்சிஜன் 4.

28 + 8 + 32 + 64 = 132

இதிலும் நைட்ரஜன் அதே 28தான். ஆனால் 132இல் 28 என்றால் 21.2 சதவீதம்தான். ஒரு மூட்டை யூரியா கொடுக்கிற நைட்ரஜனைக் கொடுக்க இந்த உரம் ஏறக்குறைய 100 கிலோ வேணும். (இதில் கந்தகமும் கிடைக்கும், அது தனி லாபம்.) “எது விலை குறைவு?” என்று மூட்டை விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். உள்ளே இருக்கிற நைட்ரஜனுக்கு என்ன விலை என்று பார்க்கணும். அளவுக்கு மீறி யூரியா போட்டால் பயிர் தழைத்துச் சாய்ந்துவிடும், பூச்சியும் கூடும். அப்பா உரக்கடைக்குப் போகும்போது இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுங்கள். மோல் படித்ததற்கு அதைவிடப் பெரிய மார்க் எது?

கவனம்!

1. ‘ஒரு மோல் ஆக்சிஜன்’ என்றால் அணுவா, மூலக்கூறா என்று பாருங்கள். அணு என்றால் 16 கிராம். மூலக்கூறு என்றால் 32 கிராம்.

2. வாய்பாட்டில் அடைப்புக்குறி இருந்தால், வெளியே உள்ள எண்ணால் உள்ளே உள்ள எல்லா அணுவையும் பெருக்குங்கள். அம்மோனியம் சல்பேட்டில் ஹைட்ரஜன் 8 வந்தது அப்படித்தான்.

3. கிலோவில் கொடுத்தால் முதலில் கிராமுக்கு மாற்றுங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு

சுண்ணாம்புக் காளவாசலில் 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் கிடைக்கும். சுண்ணாம்புக்கல்லில் கால்சியம் 1, கார்பன் 1, ஆக்சிஜன் 3. சுட்ட சுண்ணாம்பில் கால்சியம் 1, ஆக்சிஜன் 1. கால்சியத்துக்கு 40 போட்டுக்கொள்ளுங்கள்.

அ) மீதி 44 கிலோ எங்கே போனது? எந்த வாயுவாக?

ஆ) சுட்ட சுண்ணாம்பு மூலக்கூறு ஒன்று தண்ணீர் மூலக்கூறு ஒன்றோடு சேர்ந்து நீற்றுப் போகும். 56 கிலோவுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் அதில் சேரும்? (சூட்டில் ஆவியாகிப் போவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.)

விடை அடுத்த இதழில். அதுவரைக்கும் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்க்காமல் போட்டுப் பாருங்கள்!