மாவட்டம் என்னும் அளவுகோல்: இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியின் அரை நூற்றாண்டு

இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகைமையைப் பெறுகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது. முதற் பட்டப் படிப்புக்குக் கட்டணம் அறவிடப்படாத ஒரு நாட்டில் இடங்கள் இவ்வளவு அரிதாக இருப்பதால், அவற்றை எந்த முறையில் பங்கிடுவது என்பது கல்வி அமைச்சின் நிருவாக விவகாரமாக மட்டும் நின்றுவிடாமல், இனங்களுக்கும் பிரதேசங்களுக்கும் வர்க்கங்களுக்கும் இடையிலான வழக்காகவே அங்கு நீடித்து வந்திருக்கிறது. அந்த வழக்குக்கு அந்நாடு முதலில் வெறும் பரீட்சைப் புள்ளியைக் கொண்டும், பின்னர் மொழியைக் கொண்டும், அதன் பின்னர் மாவட்டத்தைக் கொண்டும் தீர்ப்புச் சொல்லிப் பார்த்தது. வாய்ப்புக் குறைந்தவர்களுக்குக் கை கொடுக்க வேண்டும் என்ற நோக்கத்தை மறுப்பவர் சிலரே. ஆனால் வாய்ப்புக் குறைவை எந்த அலகால் அளக்கிறோம் என்பதில்தான் நீதியும் அநீதியும் பிரிகின்றன என்பதை இம்மூன்று தீர்ப்புகளின் வரலாறும் காட்டுகிறது.

சமமற்ற பாடசாலைகளும் சமமான பரீட்சையும்

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதில் ஆயிரத்துக்கும் குறைந்த மாணவர்களே பயின்றனர். பயிற்றுமொழி ஆங்கிலமாக இருந்தமையால், ஆங்கிலப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்ப வசதியுள்ள குடும்பங்களுக்கே அதன் வாயில் திறந்திருந்தது. கல்வி அமைச்சராக இருந்த சி.டபிள்யு.டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், கிராமப்புறங்களில் நிறுவப்பட்ட மத்திய கல்லூரிகளும், 1960களில் பல்கலைக்கழகம் வரை எட்டிய தாய்மொழிக் கல்வியும் அந்த வாயிலைப் பெரிதும் அகலத் திறந்தன. ஆயினும் கலைப் பாடங்களுக்குக் கரும்பலகையும் ஆசிரியரும் போதும் என்றால், விஞ்ஞானப் பாடங்களுக்கு ஆய்வுகூடமும் பட்டதாரி ஆசிரியர்களும் தேவைப்பட்டனர். அவையோ கொழும்பு, யாழ்ப்பாணம், கண்டி, காலி போன்ற சில நகரங்களின் பழைய கல்லூரிகளிலேயே குவிந்திருந்தன. இதனால் மருத்துவமும் பொறியியலும் அந்தக் கல்லூரிகளின் மாணவர்களுக்கே எட்டும் துறைகளாக இருந்தன.

இவற்றுள் யாழ்ப்பாணத்தின் நிலை தனித்துவமானது. வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய செமினரி உள்ளிட்ட மிசனரிக் கல்வி நிலையங்களும், அவற்றுக்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப் பாடசாலையின் வழிவந்த சைவக் கல்லூரிகளும் அங்கு அடர்த்தியான கல்வி வலையமைப்பை உருவாக்கியிருந்தன. ஆறுகளும் பெருந்தொழில்களும் இல்லாத குடாநாட்டில் அரச உத்தியோகமே முன்னேற்றத்தின் வழியாக இருந்தமையால், குடும்பங்களும் தங்கள் சேமிப்பைப் படிப்பிலேயே இட்டன. 1969-70 கல்வியாண்டில் பொறியியல், மருத்துவ இடங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை தமிழ் மாணவர்களுக்குக் கிடைத்தன. மக்கள்தொகையில் இலங்கைத் தமிழரின் பங்கு அப்போது ஏறத்தாழ 11 விழுக்காடு. எனினும் இப்பட்டியலில் இடம்பெற்ற தமிழ் மாணவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் சேர்ந்தவர்கள் என்பதும், மொனராகலையின் சிங்கள மாணவரைப் போலவே வன்னியின் தமிழ் மாணவரும் அம்பாறையின் முஸ்லிம் மாணவரும் மலையகத் தோட்டத்துப் பிள்ளையும் அதற்கு வெளியிலேயே நின்றனர் என்பதும் இன வாரியான கணக்கில் மறைந்துபோயின.

மொழியால் அளந்தபோது

1970இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கத்தின் காலத்தில் இந்தக் கணக்கே கொள்கையின் அடிப்படையாயிற்று. தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் விடைத்தாள்களுக்குத் தாராளமாகப் புள்ளி வழங்குகின்றனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது, அது மெய்ப்பிக்கப்படவில்லை. இருந்தும் 1971 அனுமதியில் மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதி பெறும் கடைசி மாணவரின் புள்ளி, 400க்குத் தமிழ் மொழி மூல மாணவருக்கு 250 என்றும் சிங்கள மொழி மூல மாணவருக்கு 229 என்றும் வகுக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் வெடித்த மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி, படித்தும் வேலையும் உயர்கல்வியும் எட்டாத சிங்களக் கிராமப்புற இளைஞரின் சினத்தை வெளிக்காட்டியபோது, அவர்களுக்கு எதையாவது செய்தாக வேண்டும் என்ற நெருக்குதலும் அரசுக்குக் கூடியது.

1973இல் தரப்படுத்தல் முறைப்படி நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மொழி மூலத்திலும் பரீட்சை எழுதியவர்களின் விகிதத்துக்கு ஏற்ப அம்மொழி மூலத்திலிருந்து அனுமதி பெறுவோரின் எண்ணிக்கை அமையும்படி, மூலப் புள்ளிகளை ஒரு பொது அளவுக்கு மாற்றியமைப்பதே அதன் சாரம். இம்முறை ஒரு மொழியில் கற்கும் மாணவர் அனைவரையும் ஒரே வசதி உடையவர்களாகக் கொண்டது. அதன் விளைவாக, விஞ்ஞான ஆசிரியரையே காணாத முல்லைத்தீவு மாணவர் யாழ்ப்பாண நகரக் கல்லூரிகளின் வெற்றிக்கும் சேர்த்து விலை கொடுத்தார்; கொழும்பின் முன்னணிக் கல்லூரியில் சிங்கள மொழியில் கற்ற மாணவரோ மொனராகலைக் கிராமத்தவருக்கென்று சொல்லப்பட்ட சலுகையைப் பெற்றுக்கொண்டார். கூடிய புள்ளி பெற்றும் மொழியின் பேரால் வெளியே நிறுத்தப்பட்ட தலைமுறையின் மனக்கசப்பு, 1970களில் தமிழ் மாணவர், இளைஞர் அமைப்புகள் தீவிர வழியை நாடியதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர்களால் எடுத்துக்காட்டப்படுகிறது.

மாவட்டத்துக்கு வந்த வழி

1974இல் தரப்படுத்தலோடு மாவட்ட ஒதுக்கீடும் சேர்க்கப்பட்டது. இடங்களை மாவட்டங்களின் மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரித்துவிட்டு, ஒவ்வொரு மாவட்டத்துக்குள்ளும் புள்ளி வரிசைப்படி மாணவரைத் தெரிவதே இம்முறை. இதனால் யாழ்ப்பாணமும் கொழும்பும் இழந்தன; கண்டியச் சிங்களக் கிராமப்புற மாவட்டங்களும் முஸ்லிம் மாணவர்களும், யாழ்ப்பாணத்துக்கு வெளியிலுள்ள தமிழ் மாவட்டங்களும் பெற்றன. 1976இல் 70 விழுக்காடு புள்ளிக்கும் 30 விழுக்காடு மாவட்டங்களுக்கும் என்று விகிதம் தளர்த்தப்பட்டது. 1977இல் ஆட்சி மாறிய பின்னர் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டு, 1970களின் இறுதியில் நாடளாவிய திறமைக்கு 30, மாவட்டங்களுக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 15 என்னும் பங்கீடு வகுக்கப்பட்டது. மாவட்டம் என்ற அலகு மட்டும் ஆட்சி மாற்றங்களைக் கடந்து நிலைத்துவிட்டது.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இன்று பின்பற்றும் பங்கீடு 40, 55, 5 என்பதாகும். ஒரு கற்கை நெறிக்கு நாடு முழுவதிலும் 1,000 இடங்கள் இருப்பதாகக் கொண்டால், முதல் 400 இடங்கள் எந்த மாவட்டத்தவர் என்று பாராமல் திறமை வரிசைப்படி நிரப்பப்படும். அடுத்த 550 இடங்கள் 25 மாவட்டங்களுக்கும் மக்கள்தொகை விகிதப்படி பிரிக்கப்படும். எஞ்சிய 50 இடங்கள் கல்வி வசதியில் பின்தங்கியவை என அறிவிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் பகிரப்படும். 2012 குடிசன மதிப்பீட்டைக் கொண்டு கணக்கிட்டால், அப்போது மக்களில் 11 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டோர் வாழ்ந்த கொழும்பு மாவட்டத்துக்கு 550இல் ஏறத்தாழ 63 இடங்கள் சேரும். 92,000 பேர் அளவில் வாழ்ந்த முல்லைத்தீவுக்கு இரண்டு அல்லது மூன்று இடங்களும், பின்தங்கிய மாவட்டம் என்ற வகையில் ஒன்றுக்கும் குறைவான பங்கும் கிடைக்கும். தொகை சிறிதாயினும், இந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் மருத்துவ பீடத்துக்கு ஒருவரையும் அனுப்ப இயலாத ஆண்டுகள் இத்தகைய மாவட்டங்களுக்கு வாய்த்திருக்கும்.

மாணவரை வரிசைப்படுத்தப் பயன்படும் இசட் புள்ளி இந்தப் பங்கீட்டிலிருந்து வேறானது என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. 2001 அளவில் அறிமுகமான இம்முறை, வெவ்வேறு பாடங்களின் கடினத்தைச் சமன்செய்வதற்கானது. ஒரு மாணவரின் புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலால் வகுத்தால் அப்பாடத்துக்கான இசட் புள்ளி கிடைக்கும். எடுத்துக்காட்டாக, இரசாயனவியலில் சராசரி 40, நியம விலகல் 15 எனில், 70 பெற்றவரின் இசட் புள்ளி 2 ஆகும். உயிரியலில் சராசரி 55, நியம விலகல் 10 எனில், அதே 70க்கு 1.5 தான் கிடைக்கும். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளது சராசரியே மாணவரின் இறுதிப் புள்ளி. ஒப்பிடக்கூடாதவற்றைக் கலந்தால் இக்கணிதமும் பிழைபடும்: 2011 பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தினரையும் புதிய பாடத்திட்டத்தினரையும் சேர்த்துக் கணித்தமை வழக்காகி, இரு தொகுதியினருக்கும் தனித்தனியே கணிக்க வேண்டுமென உயர் நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது.

அலகு பெரிதானால் வாய்ப்பு நழுவும்

மாவட்ட ஒதுக்கீட்டுக்கு எதிராக வழக்கமாக வைக்கப்படும் வாதம், குறைந்த புள்ளி பெற்றவர் உள்ளே வர, கூடிய புள்ளி பெற்றவர் வெளியே நிற்கிறார் என்பதாகும். இரண்டு மாணவரும் ஒரே வசதியோடு அப்புள்ளிகளைப் பெற்றிருந்தால் இவ்வாதம் முழு வலுவுடையது. தனியார் வகுப்புகள் நிறைந்த நகரில் பெற்ற புள்ளியும், இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் வர மாதங்கள் ஆகும் ஊரில் பெற்ற புள்ளியும் ஒரே உழைப்பின் அளவீடுகள் ஆகா. மேலும், ஒதுக்கீடு நுழைவைத் தீர்மானிக்கிறதே தவிரப் பட்டத்தைத் தீர்மானிப்பதில்லை; உள்ளே வந்த அனைவரும் அதே பீடப் பரீட்சைகளையே எழுதித் தேற வேண்டும்.

இம்முறையின் மெய்யான குறை வேறிடத்தில் இருக்கிறது. நுவரெலியா மாவட்டம் பின்தங்கிய 16இல் ஒன்று; அங்கு வசதியான நகரப் பாடசாலையில் பயிலும் பிள்ளையும், லயன் அறையிலிருந்து தோட்டப் பாடசாலைக்கு நடந்து செல்லும் பிள்ளையும் ஒரே மாவட்டப் பட்டியலில் போட்டியிட, இருவருக்கும் ஒரே வெட்டுப்புள்ளி பொருந்துகிறது. இலவசக் கல்வியின் பயன் முழுமையாக எட்டாமல் 1970களில்தான் அரசின் பொறுப்புக்குள் வரத் தொடங்கிய தோட்டப் பாடசாலைகளின் பிள்ளைகள் கண்டி, கேகாலை மாவட்டங்களிலும் வாழ்கின்றனர்; அம்மாவட்டங்கள் பட்டியலில் இல்லாமையால் அந்தச் சிறிய மேலதிகப் பங்கும் அவர்களுக்கு இல்லை. கொழும்பின் தொடர்மாடிக் குடியிருப்புகளில் வாழும் வறிய மாணவரோ நாட்டிலேயே கடுமையான மாவட்டப் போட்டிகளுள் ஒன்றில் நிற்கிறார். ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவை நடத்துபவை ஏறத்தாழ 1,000 மட்டுமே என்பதைக் கருதினால், பல பிள்ளைகளின் தலைவிதி மாவட்டத்தைவிடப் பாடசாலையாலேயே எழுதப்படுவது தெளிவாகும். மாவட்ட எல்லையைப் பயன்படுத்திக் கொள்வோரும் உண்டு. குறைந்த வெட்டுப்புள்ளியை நாடி வசதியுள்ளோர் பிள்ளைகளை வேறு மாவட்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கவே, பரீட்சைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் பாடசாலை கணக்கில் கொள்ளப்படுகிறது.

அளவுகோலுக்குக் காலமும் ஒரு பரிமாணம் என்பதற்கு யாழ்ப்பாணத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. 1970களில் அளவுக்கு மீறி முன்னேறியதாகக் கருதப்பட்டு இடங்களை இழந்த அம்மாவட்டம், உள்நாட்டுப் போரின் இடப்பெயர்வுகளுக்கும் அழிவுகளுக்கும் பின்னர், பின்தங்கிய 16 மாவட்டங்களுள் ஒன்றாக நிற்கிறது. 1981 குடிசன மதிப்பீட்டில் 7 இலட்சத்துக்கு மேலிருந்த அதன் மக்கள்தொகை 2012இல் 6 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. மக்கள்தொகையைக் கொண்டே இடங்கள் பிரிக்கப்படுவதால், புலம்பெயர்ந்தவர்களின் எண்ணிக்கையும் எஞ்சியிருப்போரின் பிள்ளைகளுடைய வாய்ப்பைக் குறைக்கிறது. போரால் பின்தங்கிய நிலையை ஈடுசெய்ய ஒரு கை நீட்டும் விதி, போரால் சுருங்கிய மக்கள்தொகையைக் காட்டி மறுகையால் எடுத்துக்கொள்கிறது.

பட்டியலுக்கு அப்பால்

அனுமதிப் பட்டியலைத் திருத்துவதோடு இடங்களைப் பெருக்குவதும் வாய்ப்பை விரிக்கும் வழியே. 1974இல் யாழ்ப்பாண வளாகமும், 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமும், பின்னர் தென்கிழக்கு, ஊவா வெல்லச, வவுனியா பல்கலைக்கழகங்களும் உருவானமை உயர்கல்வியைத் தலைநகருக்கு அப்பால் கொண்டு சென்றது. 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் திட்டம், இடம் கிடைத்தும் தங்கிப் படிக்க வழியற்ற மாணவரைத் தாங்குகிறது. 2013இல் உயர்தரத்தில் அறிமுகமான தொழில்நுட்பப் பிரிவு, விஞ்ஞானப் பிரிவு இல்லாத பிரதேசங்களின் மாணவருக்குப் பட்டப்படிப்புக்கான இன்னொரு பாதையைத் திறந்தது.

எனினும் இடங்கள் தேவையைவிடக் குறைவாக இருக்கும் வரை பங்கீட்டுக் கேள்வி ஓயப்போவதில்லை. மொழியிலிருந்து மாவட்டத்துக்கு வந்தபோது இலங்கை ஒரு பெரிய அலகைச் சிறிதாக்கியது. அதனால் அநீதி குறைந்தது. அடுத்த படி மாவட்டத்துக்குள் இறங்குவதாகும். பாடசாலையின் ஆய்வுகூட, ஆசிரியர் நிலைமையும் குடும்பத்தின் வருமானமும் அரசின் ஆவணங்களில் அறியக்கூடியவையே. மாவட்டத்துக்கான 55 விழுக்காட்டில் ஒரு பகுதியையேனும் இவற்றைக் கொண்டு பிரித்தால், நுவரெலியாவின் தோட்டப் பாடசாலையும் கொழும்பின் தொடர்மாடியும் முதன்முறையாகக் கணக்குக்குள் வரும். அத்தோடு, பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலும் அவற்றின் பங்கும் குறித்த கால இடைவெளியில், வெளிப்படையான சுட்டிகளைக் கொண்டு மீளாய்வு செய்யப்பட வேண்டும். 1971இன் வெட்டுப்புள்ளிகள் விதைத்த கசப்புக்கு, அவை எவ்வாறு வகுக்கப்பட்டன என்று பாதிக்கப்பட்ட மாணவருக்கு ஏற்கத்தக்க விளக்கம் எதுவும் சொல்லப்படாமையும் காரணம். இடம் கிடைக்காதவரும் கணக்கைப் பார்த்து ஒப்புக்கொள்ளக்கூடிய முறையே இத்தகைய பங்கீட்டில் நிலைத்து நிற்கும்.