இடிந்த மடாலயமும் மாலை வெளிச்சமும்: ஓர் ஓவியத்தை வகுப்பில் வாசிப்போம்

ஓர் இயற்கைக் காட்சி ஓவியத்தைக் காட்டி, "என்ன தெரியுது?" என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "ஆறு இருக்கு, வயல் இருக்கு, பழைய கட்டடம் இருக்கு டீச்சர்" என்பார்கள். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிடும். இந்தப் பட்டியலைத் தாண்டி அவர்களைப் பேச வைப்பதுதான் நம் சிக்கல்.

அதற்குத் துணையாக ஓர் ஓவியத்தைச் சொல்கிறேன். ஆங்கில ஓவியர் தாமஸ் கிர்ட்டின் 1800ஆம் ஆண்டுவாக்கில் நீர்வண்ணத்தில் வரைந்த கிர்க்ஸ்டால் மடாலயத்தின் மாலைக் காட்சி அது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முதலில் கதையைத் தெரிந்துகொள்வோம். கிர்க்ஸ்டால், லீட்ஸ் நகருக்கு அருகே ஏர் ஆற்றங்கரையில் உள்ளது. 1152இல் சிஸ்டர்சியன் துறவிகள் அங்கே மடம் அமைத்தார்கள். வழிபாட்டோடு ஆடு வளர்ப்பும் கம்பளி விற்பனையும் நடந்தன. 1539இல், எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், மடம் மூடப்பட்டது. கூரை போயிற்று, கற்களும் போயின. 1779இல் கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்தது.

இடிந்த கட்டடத்தை ஏன் தேடிப்போய் வரைய வேண்டும்? அப்போது பிரான்சோடு போர் நடந்ததால், வெளிநாட்டுப் பயணம் எளிதாக இல்லை. ஓவியர்கள் சொந்த நாட்டையே சுற்றிப் பார்த்தார்கள். லீட்ஸ் பக்கம் ஆலைகளும் பெருகிவந்தன. மாறிக்கொண்டிருந்த நாட்டுப்புறமும் பழைய இடிபாடுகளும் அவர்கள் கண்ணுக்கு அருமையாகத் தெரிந்தன.

இனி கிர்ட்டின் வரைந்த விதத்தைப் பாருங்கள். அதுவரை பலர் கோடு போட்டு, சாம்பல் நிறத்தில் நிழல் தீட்டி, அதன்மேல் லேசாக வண்ணம் பூசுவார்கள். இவரோ சொரசொரப்பான தாளில் நேரடியாக அகலமாக வண்ணத்தைப் பரப்பினார். கட்டடத்தை ஒட்டி நின்று தூணையும் வளைவையும் காட்டவில்லை; தள்ளி நின்றார். அதனால் நிலமும் வானமும் பெரிதாயின, மடாலயம் அவற்றுக்குள் ஒரு பகுதியாகிவிட்டது. துறவிகள் போய்விட்டார்கள், நிலம் இருக்கிறது.

வகுப்பில் இந்தக் கதையை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். ஒரு நிமிடம் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்:

1. கட்டடம் ஏன் இவ்வளவு சின்னதாகத் தெரிகிறது?
2. இது எந்த நேரம்? எதை வைத்துச் சொல்கிறாய்?
3. முன்பு இங்கே யார் இருந்திருப்பார்கள்? ஏன் போனார்கள்?

மூன்றாவது கேள்விக்கு வரும்போது அந்தி, இடிபாடு, பள்ளத்தாக்கு போன்ற சொற்கள் தேவைப்படும். அப்போது கொடுங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. கிர்ட்டினும் புகழ்பெற்ற ஓவியர் டர்னரும் ஒரே ஆண்டில், 1775இல், பிறந்தவர்கள். இளமையில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். டர்னர் 1851வரை வாழ்ந்தார். கிர்ட்டின் 1802இல், 27 வயதிலேயே இறந்துபோனார். இதைச் சொல்லிவிட்டு, அந்த மாலை வெளிச்சத்தை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். இந்த முறை பட்டியல் வராது.