உழவருக்கு உதவிய சிறு குளவி

ஏர்பேட்டைச் சுற்றியுள்ள ஊர்களில், நிலக்கடலைச் செடியைத் தாக்கும் ஒரு பூச்சியைத் தெலுங்கு உழவர்கள் ‘பேனுபங்க’ என்பர். ‘பேன்’ நமக்கும் உரிய சொல்லே. ‘பங்க’ என்பது பிசின். தமிழில் இதனை அசுவினி என்றும் செடிப்பேன் என்றும் வழங்குவர். வீட்டு அவரைக்கொடியின் தளிரில் கரும்புள்ளிகளாய் மொய்த்திருப்பதும் இதுவே.

அசுவினி தன் ஊசி போன்ற வாயால் செடியின் சாற்றை உறிஞ்சும். முட்டையிட்டுக் காத்திராமல் நேரே குஞ்சுகளை ஈனுவதால் சில நாள்களிலேயே பெருகிவிடும். அது வெளியேற்றும் இனிப்பு நீர் இலைமீது பிசின்போல் ஒட்டும்; தெலுங்குப் பெயரின் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ? அந்நீரை உண்ண வரும் எறும்புகள், கைம்மாறுபோல் அசுவினிக்குக் காவலும் இருக்கும்.

அக்காவலையும் மீறி வரும் பகை ஒன்றுண்டு. அது கொசுவினும் சிறிய ஒருவகைக் குளவி. குளவி என்றதும் அஞ்ச வேண்டா. இது நம்மைக் கொட்டுவதில்லை. தன் வயிற்றின் நுனியைக் கால்களுக்கிடையே முன்னோக்கி வளைத்து, நொடிப்பொழுதில் அசுவினியின் உடலுக்குள் ஒரு முட்டையை வைத்துவிடும். முட்டையிலிருந்து வரும் புழு அசுவினியை உள்ளிருந்தே தின்று வளரும். அசுவினி உப்பி, உலர்ந்து, வைக்கோல் நிறக் கூடாக மாறும். வளர்ந்த குளவி அக்கூட்டில் வட்டமாகத் துளையிட்டு வெளியேறும். பிற பூச்சியின் உடலில் இவ்வாறு வளர்வதால் இதனை ஒட்டுண்ணிக் குளவி என்பர்.

இத்தனை சிறிய உயிர் பெரும்பரப்பிலுள்ள பயிரைக் காக்குமா? காத்த வரலாறு தமிழ்நாட்டில் உண்டு. 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி காணப்பட்டது. அசுவினியைப் போலவே சாறு உறிஞ்சும் இப்பூச்சியின் தாயகம் மெக்சிகோ முதலிய நாடுகள். இங்கே அதற்கு ஏற்ற பகை இல்லாமையால் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகியவற்றில் பரவியது. மல்பெரி இலையின்றிப் பட்டுப்புழு ஏது? பட்டு வளர்ப்போரும் கலங்கினர். மருந்து தெளித்தும் பயனில்லை. பூச்சியின் உடலைப் போர்த்திய வெண்மெழுகு மருந்தை உள்ளே விடவில்லை.

அதன் இயற்கைப் பகையைத் தேடிய அறிவியலாளர், 2010இல் புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெங்களூருவுக்கு வருவித்தனர். பிற உயிர்களுக்குத் தீங்கு செய்யுமா எனச் சோதித்த பின்னரே அவை பெருக்கப்பட்டன. அவ்வாண்டு அக்டோபரில் கோயம்புத்தூரில் வயல்களில் விடப்பட்டன. மூன்றனுள் ‘அசெரோபேகஸ் பப்பாயே’ என்பது நன்கு நிலைபெற்றது. சில மாதங்களில் மாவுப்பூச்சி வெகுவாகக் குறைந்தது. குளவி விட்ட தோட்டங்களில் மருந்து தெளித்தல் ஆகாது. நஞ்சு குளவியையும் கொன்றுவிடும்.

இனி அவரைத் தளிரைக் காணும்போது வைக்கோல் நிறக் கூடுகளைத் தேடுங்கள். துளையுள்ள கூட்டிலிருந்து குளவி பறந்துவிட்டது. துளையில்லாததைப் பறித்துவிடாதீர்கள், உள்ளே ஒன்று வளர்ந்துகொண்டிருக்கலாம்.