சோழர் சமையலறையில் மிளகாய்

சோழர் காலத்தில் நிகழும் கதை ஒன்றில் அரண்மனைப் பணிப்பெண் அம்மியில் மிளகாய் அரைத்தால், விவரம் அறிந்த வாசகருக்கு அங்கேயே சுவை கெட்டுவிடும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்ச்சுக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்கு வந்தது. ராஜராஜன் அறிந்த காரம் மிளகும் திப்பிலியும் தந்த காரமே.

இத்தகைய பிழையைச் சுட்ட நம்மிடம் பழைய சொல் உண்டு. நன்னூல் கூறும் ஏழு வழுக்களில் காலவழுவும் ஒன்று. ‘நேற்று வருவான்’ என்பது காலவழு. வினைமுற்றுக்குச் சொன்ன அந்த இலக்கணத்தை ஒரு நாவலுக்கும் விரித்துக்கொள்ளலாம். அதைவிடப் பயனுள்ளது வழுவமைதி என்னும் கருத்து. இன்னும் புறப்படாதவர், ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறார். அது வழுதான், ஆனால், விரைவு என்னும் காரணம் இருப்பதால் இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறது. வரலாற்றுப் புனைவில் எது வழு, எது வழுவமைதி என்று பிரித்தறிவதே உண்மையான வகைப்பாடு.

எளிதில் பிடிபடுபவை பொருள் வழுக்கள். தக்காளி, உருளைக்கிழங்கு, கொய்யா எல்லாம் மிளகாயைப் போலக் கடல் கடந்து வந்தவை. தஞ்சைப் பெரிய கோயிலில் இன்று நாம் காணும் பெரிய நந்தி நாயக்கர் காலத்தது என்பது அறிஞர் முடிபு. அதன் முன்னே ராஜராஜனை நிறுத்துவதும் இவ்வகையே. திரைப்படக் கல்வெட்டில் ‘ே’ என்னும் இரட்டைக் கொம்பு தெரிந்தால் அதுவும் பிழை. அந்தக் குறியீடு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த எழுத்துச் சீர்திருத்தத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் மணிக்கூண்டுக் கடிகாரம் ஒலிக்கிறது. பண்டைய ரோமில் அப்படி ஒன்று இல்லை. நாடகத்துக்கு அதனால் ஒரு குறையும் நேரவில்லை.

சொல் வழு சற்றுச் சிக்கலானது. சாவி, சன்னல், மேசை ஆகியவை போர்ச்சுக்கீசியச் சொற்கள். சோழ வீரன் வாயில் அவை உறுத்தும். கதைசொல்லி சொன்னால் உறுத்தாது. ‘பொன்னியின் செல்வன்’ தொடக்கத்திலேயே கல்கி நம்மைக் காலவெள்ளத்தில் படகேற்றி அழைத்துச் செல்கிறார். கதை சொல்பவர் நம் காலத்தவர் என்பது அங்கேயே உறுதியாகிவிடுகிறது. வந்தியத்தேவன் அச்சு அசலான 10ஆம் நூற்றாண்டுத் தமிழில் பேசினால் உரையாசிரியர் துணையின்றி நமக்கு விளங்காது. ஹெகலைத் தொடர்ந்து லூகாச் ‘தவிர்க்கவியலாத காலமுரண்’ என்று குறித்தது இதையொத்ததே. இதுதான் வழுவமைதி.

வழுவே இல்லாமல் வழுபோலத் தோன்றுபவையும் உண்டு. உம்பர்ட்டோ ஈக்கோவின் ‘ரோஜாவின் பெயர்’ 1327இல் நடக்கிறது. அதில் துறவி ஒருவர் மூக்குக்கண்ணாடி அணிகிறார். பிழை என்று நினைக்கத் தோன்றும். ஆனால், 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தாலியில் மூக்குக்கண்ணாடி புழக்கத்துக்கு வந்துவிட்டது. வாசகர் நம்பமாட்டாரோ என்று அஞ்சி இத்தகைய உண்மைகளை எழுத்தாளர் நீக்கிவிடக் கூடாது.

கண்ணுக்கே புலப்படாதது மன வழு. மிளகாயை அடுத்த பதிப்பில் மிளகாக்கிவிடலாம். பாத்திரத்தின் மனத்துக்குள் நம் காலத்து அரசியலை வைத்துவிட்டால் கதையையே திருப்பி எழுத வேண்டும். ‘தமிழகம்’ என்னும் சொல் சங்கப் பாடலிலேயே உண்டு. ஆனால், அது ஒரே அரசின் எல்லையாக இருந்ததில்லை. முதலாம் பராந்தகன் ‘மதுரை கொண்ட’ என்று பட்டம் சூடியது பாண்டியரை வென்றதற்காக. அவனுடைய படைவீரனை இன்றைய இன உணர்வோடு பேசவைத்தால் அப்போரே பொருளற்றுப் போகும். வரலாற்றைப் பாடநூலில் படித்தவர்களைவிடத் தொடர்கதையிலும் திரையிலும் கற்றவர்களே நம்மில் அதிகம் என்று தோன்றுகிறது. அதனால்தான் இந்த வழு மற்றவற்றைவிடக் கனமானது.

அதே பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) இதற்கு நல்ல சோதனை. 30 குடும்புகள், பெயரெழுதிய ஓலைகள், குடம், கணக்குக் காட்டாதவருக்குத் தகுதியிழப்பு: மேலோட்டமாகப் பார்ப்பவருக்குக் கற்பனையாகத் தோன்றும் இவையெல்லாம் உண்மை. ஆனால், ஒரு பாத்திரம் இதை ‘மக்களாட்சி’ என்று போற்றினால் அங்கே மன வழு நுழைகிறது. அது பிராமணர் ஊரின் சபை; கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35 முதல் 70 வரை வயது ஆகியவை 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறும் பொதுவான தகுதிகள். குடத்திலிருந்து ஓலையை எடுக்க ஒரு சிறுவனைப் பயன்படுத்தியதாகவும் அது சொல்கிறது. அந்தக் காட்சியை எழுத நவீனச் சொல் ஒன்றும் தேவையில்லை. சிறுவனின் கை குடத்துக்குள் நுழையும்போது, மண்டபத்துக்கு வெளியே நிலமற்ற உழவன் ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் என்று சேர்த்து எழுதினால் போதும்.