அருங்காட்சியகச் சுற்றுலா நாளின் மதிய உணவு: மாணவர் உரிமையும் பள்ளியின் பொறுப்பும்

இருநூறு மாணவர்களைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லும் பள்ளி, பேருந்துக்கும் பெற்றோர் ஒப்புதல் கடிதத்திற்கும் காட்டும் அக்கறையைப் பெரும்பாலும் மதிய உணவுக்குக் காட்டுவதில்லை. சட்டம் உறுதி செய்யும் உரிமையும் உடல்நலத்திற்கு நேரக்கூடிய தீங்கும் ஒருங்கே அடங்கிய பொருள் அன்றைய உணவுதான் என்பதால், இந்த அலட்சியம் ஏற்கத்தக்கதன்று.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு, உள்ளாட்சி மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களுக்குப் பள்ளி விடுமுறை நீங்கலாக ஒவ்வொரு நாளும் ஒரு வேளை இலவச மதிய உணவு வழங்கப்பட வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை நீள்கிறது. கல்விச் சுற்றுலா நடைபெறுவது பள்ளி வேலைநாளில் என்றால் அது விடுமுறையாகாது. ஆகவே அன்று சத்துணவு மையத்தில் அடுப்பு எரியவில்லை என்பதற்காக மாணவரின் உரிமை இல்லாமற் போய்விடுவதில்லை. 2015ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகள், எக்காரணத்தாலேனும் ஒரு வேலைநாளில் உணவு வழங்கப்படாவிட்டால், அந்நாளுக்குரிய தானியத்தையும் சமையல் செலவுத் தொகையையும் ‘உணவுப் பாதுகாப்புப் படி’யாக அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் மாநில அரசு வழங்க வேண்டும் என விதித்துள்ளன. எனினும் பின்னால் வரும் படி அன்றைய பசியை ஆற்றாது. ‘அவரவர் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரட்டும்’ என்று சுற்றறிக்கை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்போது, சத்துணவையே நம்பியிருக்கும் பிள்ளை தோழர்களின் டிபன் பாக்ஸ்களுக்கு நடுவே வெறுங்கையுடன் அமர நேரிடுகிறது. பயண நாளைச் சத்துணவு அமைப்பாளருக்கு முன்கூட்டியே தெரிவித்து, உணவைப் பொட்டலமாகத் தர ஏற்பாடு செய்வதே முறையான வழி.

தீங்கு பெரும்பாலும் சமையலில் அல்ல, சமைத்ததற்கும் உண்பதற்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் உருவாகிறது. ஏழு மணிக்குப் புறப்படும் பேருந்துக்காக விடியற்காலை ஐந்து மணிக்கு வடிக்கப்படும் சோறு, ஆவி அடங்கும் முன்பே அண்டாவில் அழுத்தி மூடப்பட்டு, வெயிலில் நிற்கும் வண்டியில் கிடந்து, பிற்பகல் ஒரு மணிக்குப் பரிமாறப்படும்போது எட்டு மணி நேரம் கடந்துவிடுகிறது. அரிசியில் இயல்பாகவே காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் (கடும் வெப்பத்தையும் தாங்கும் அதன் உறங்குநிலை வடிவங்கள்) கொதிக்கும் உலையிலும் அழிவதில்லை. சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சுப்பொருளைச் சுரக்கின்றன. அந்நச்சு மறுபடி சூடாக்கினாலும் சிதைவதில்லை, ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்திற்குள் வாந்தியை உண்டாக்குகிறது. கெட்ட வாடையோ ருசி மாற்றமோ இல்லாமலும் நச்சு இருக்கக்கூடும் என்பதால், பரிமாறும் முன் ஆசிரியர் சுவைத்துப் பார்க்கும் நல்ல வழக்கம் மட்டும் போதுமான காவலாகாது. 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு காக்கும் கலன்களில் கொண்டு செல்வது, இயலாதெனில் சோற்றை அகன்ற தட்டுகளில் பரப்பி ஆறவிட்டுப் புளிப்பேறிய புளிக்காய்ச்சலில் கிளறுவது, அல்லது அருங்காட்சியகத்திற்கு அருகிலேயே பதிவு பெற்ற சமையற்கூடத்தில் நண்பகலில் சமைத்து வாங்குவது ஆகியவை பயன்தரும் மாற்றுகள். தேங்காய்ச் சட்னியையும் உரித்த முட்டையையும் நெடுநேரப் பயணத்திற்குத் தவிர்ப்பதே நன்று.

புளியோதரையிலும் எலுமிச்சைச் சாதத்திலும் தாளிக்கும் வேர்க்கடலை, ஒவ்வாமை உள்ள சில பிள்ளைகளுக்கு மூச்சுத்திணறலையும் உயிராபத்தையும் விளைவிக்கக்கூடியது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கோ உணவு ஒரு மணி நேரம் தள்ளிப்போவதே ஆபத்து. ஆதலால் ஒப்புதல் கடிதத்திலேயே இவ்விரண்டையும் கேட்டு எழுதி வாங்கி, அப்பட்டியலை ஒவ்வொரு பேருந்தின் பொறுப்பாசிரியரிடமும் கொடுத்திருக்க வேண்டும். காட்சிக்கூடங்களில் சிந்தும் ஒரு பருக்கையும் பூச்சியையும் எலியையும் வரவழைத்துப் பழம்பொருள்களை அழிக்குமாதலால், உண்ணும் இடம், கை கழுவும் குழாய், குடிநீர் ஆகியவை பற்றி நிர்வாகத்திடம் முன்னதாகவே எழுத்து மூலம் அனுமதி பெறுவதும், வெள்ளிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்திற்கு வார விடுமுறை என்பதை நினைவில் கொள்வதும் தேவை.

வெளியில் உணவு வாங்கும் பள்ளி, விற்பவரின் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிம எண்ணைக் கேட்டுப் பெற்று, சமைத்த நேரம் குறித்த ரசீதையும் வாங்க வேண்டும். பின்னர் தகராறு எழுந்தால் அவ்விரண்டுமே முதன்மைச் சான்றுகள். பிள்ளைகளுக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் 108 ஊர்தியை அழைத்துச் சிகிச்சை அளிப்பது முதல் கடமை. மீந்த உணவைக் கொட்டிவிடாமல் மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படைப்பது அடுத்தது. பழி வருமென அஞ்சி அண்டாவைக் கழுவிவிடுவது, நோயின் காரணத்தை அறியும் வழியையே அடைத்துவிடும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 65ஆம் பிரிவு, பாதுகாப்பற்ற உணவை விற்றவர் உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரையிலும், மற்றவற்றுக்கு 1 லட்சம் வரையிலும் இழப்பீடு தர ஆணையிட இடமளிக்கிறது. பணம் செலுத்தி வாங்கிய உணவெனில், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம்.

அடுத்த சுற்றுலாவுக்கான ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடும் முன், உணவை யார் சமைக்கிறார்கள், எத்தனை மணிக்குச் சமைக்கிறார்கள், எத்தனை மணிக்குப் பிள்ளைகள் உண்பார்கள் என்னும் மூன்று கேள்விகளுக்கும் பள்ளியிடமிருந்து விடையைப் பெற்றோர்கள் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்.