ஊருக்கு ஊர் பேச்சு

கட்கி கடைவீதி. புனே நகரத்தின் ஒரு பகுதி கட்கி. அங்கே 1869-இல் வெடிமருந்துத் தொழிற்சாலை தொடங்கினார்கள். அங்கும் பக்கத்தில் உள்ள தேஹூ ரோட்டிலும் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள்.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் இருந்து ஒரு பெண் புதிதாக வந்திருக்கிறாள். பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறாள். கடைக்காரர் கேட்கிறார்: "காய் பாஹிஜே?"

அவளுக்கு மகிழ்ச்சி. "ஆமாங்க, காய்தான் வேணும்" என்கிறாள்.

கடைக்காரர் மறுபடியும் கேட்கிறார்: "காய்?"

"காய்தான்!"

கடைக்காரருக்குச் சிரிப்பு. அவளுக்குக் கோபம். ஏன் தெரியுமா? மராத்தியில் 'காய்' என்றால் 'என்ன' என்று பொருள். "என்ன வேண்டும்?" என்றுதான் அவர் கேட்டார். அவளோ காய்கறியைப் பற்றிக் கேட்பதாக நினைத்தாள்.

இரண்டு பேர் மீதும் தவறு இல்லை. ஒலி ஒன்று. பொருள் வேறு.

ஒரே ஒலி, வேறு பொருள்

இப்படிப் பல சொற்கள் உண்டு. நாம் 'கேள்' என்றால் காது கொடு என்று பொருள். மராத்தியில் 'கேள' என்றால் வாழைப்பழம். நமக்குப் 'போளி' என்றால் இனிப்புப் பண்டம். புனேயில் பல வீடுகளில் தினமும் சாப்பிடும் கோதுமைச் சப்பாத்திக்கே 'போளி' என்று பெயர். இனிப்புப் போளியைப் 'பூரண் போளி' என்பார்கள். தமிழ்நாட்டில் கிச்சடி என்றால் பெரும்பாலும் ரவைக் கிச்சடி. அங்கே கிச்சடி என்றால் அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்தது.

'தாயி' என்று கூப்பிட்டால் நம் காதில் 'தாயே' என்று விழும். மராத்தியில் 'தாயி' என்றால் அக்கா. இருபது வயதுப் பெண்ணையும் கடைக்காரர் 'தாயி' என்பார். அது மரியாதைதான். கிழவி என்று சொல்லிவிட்டாரே என்று வருந்த வேண்டாம்.

நீயா, நீங்களா?

தமிழில் 'நீ வா' என்பது வேறு. 'நீங்க வாங்க' என்பது வேறு. மராத்தியிலும் அப்படியே. 'தூ யே' என்றால் நீ வா. 'தும்ஹி யா' என்றால் நீங்கள் வாருங்கள்.

தாயை நாம் 'நீ' என்போம். சாமியையும் 'நீ' என்போம். தந்தையைப் பல வீடுகளில் 'நீங்க' என்போம். மராத்தி வீடுகளிலும் இதுதான் பழைய வழக்கம். மனைவி கணவனை 'ஏங்க' என்று கூப்பிடுவது போல, அங்கே 'அஹோ' என்று கூப்பிடுவார்கள்.

இன்னும் ஒரு பொருத்தம் உண்டு. தமிழில் 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்'. சேர்க்காமல் சொன்னால் 'நாங்கள்'. மராத்தியிலும் இரண்டு உண்டு. 'ஆபண்' என்றால் நாம். 'ஆம்ஹி' என்றால் நாங்கள்.

வேலைக்கு வந்த இடத்தில் காதால் கேட்டு மொழி பழகுகிறவர்கள் முதலில் 'தூ' என்பதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். மேஸ்திரி அவர்களை அப்படித்தான் கூப்பிடுகிறார். அவர்களும் எல்லோரையும் 'தூ' என்று பேசிவிடுகிறார்கள். கேட்பவர் முகம் சுளிக்கிறார். பேசியவருக்குக் காரணம் தெரிவதில்லை. எனவே, புது மொழி பழகும்போது மரியாதைச் சொல்லை முதலில் பழகுங்கள்.

புனேயின் பலகைகள்

புனேயில் ஒரு தனி வழக்கம் உண்டு. வீட்டு வாசலிலும் கடையிலும் பலகை எழுதி வைப்பார்கள். வாசலை மறித்து வண்டி நிறுத்தினால் காற்றைப் பிடுங்கிவிடுவோம் என்று எழுதியிருக்கும். மதியம் ஒரு மணி முதல் நான்கு மணி வரை கடை இல்லை என்று எழுதியிருக்கும். பேச்சு வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று இருக்கும். இவற்றைப் 'புணேரி பாட்டி' என்பார்கள். பாட்டி என்றால் இங்கே பலகை.

புதிதாக வந்தவருக்கு இது எரிச்சலாக இருக்கும். "இது என்ன பேச்சு?" என்று தோன்றும். ஊர்க்காரர்களோ இதைப் படித்துச் சிரிக்கிறார்கள். பு.ல. தேஷ்பாண்டே என்ற புகழ்பெற்ற மராத்தி எழுத்தாளர் மும்பைக்காரர், புனேக்காரர், நாக்பூர்க்காரர் ஆகியோரின் குணங்களைப் பற்றி நகைச்சுவையாக எழுதினார். அதை இன்றும் மூன்று ஊர்க்காரர்களும் ரசிக்கிறார்கள்.

பன்னிரண்டு கோசத்துக்கு ஒரு பேச்சு

பன்னிரண்டு கோசத்துக்கு ஒரு முறை பேச்சு மாறும் என்று மராத்தியில் ஒரு வழக்கு உண்டு. ஒரு கோசம் என்பது ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர்.

'ஏன்' என்பதற்குப் புனேயில் 'கா' என்பார்கள். விதர்பாவில் 'காஹூன்' என்பார்கள். 'எங்கே' என்பதற்குப் புனேயில் 'குடே'. கொங்கண் கடற்கரையில் மால்வணி பேசுகிறவர்கள் 'கய்' என்பார்கள். 'இருக்கிறது' என்பது புனேப் பேச்சில் 'ஆஹே'. கிராமங்களில் அது 'ஹாய்' ஆகிவிடும்.

தமிழிலும் இப்படித்தானே? மதுரையில் 'அங்கிட்டு இங்கிட்டு'. கோவையில் 'ஏனுங்க'. நெல்லையில் 'ஏலே'. குமரியில் 'மக்கா'. சென்னையில் 'இன்னா'. யாழ்ப்பாணத்தில் 'ஆம்' என்பதற்கு 'ஓம்', பேசுவதற்குக் 'கதைப்பது'. நெல்லையில் நண்பனை 'ஏலே' என்றால் அது பாசம். வேறு ஊரில் அதே சொல்லைச் சொன்னால் சண்டை வந்துவிடும்.

பேச்சு ஏன் மாறுகிறது? மலையும் ஆறும் மக்களைப் பிரிக்கின்றன. கொங்கணத்துக்கும் புனேக்கும் நடுவே சஹ்யாத்ரி மலை நிற்கிறது. ஆட்சியும் ஒரு காரணம். மராத்வாடா 1948 வரை நிஜாம் ஆட்சியில் இருந்தது. அங்கே உருதுச் சொற்கள் கலந்தன. விதர்பா 1956 வரை இந்தி பேசும் பகுதிகளோடு ஒரே மாநிலமாக இருந்தது. அங்கே இந்தி கலந்தது. மக்கள் ஊர் விட்டு ஊர் போவதும் ஒரு காரணம்.

சிவாஜியின் தம்பி வெங்கோஜி 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரைப் பிடித்தார். அவருடைய வம்சம் 1855 வரை அங்கே இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் 1803-இல் வெட்டிய நீண்ட மராத்திக் கல்வெட்டு இருக்கிறது. அந்த மராத்தியரின் வாரிசுகள் இன்றும் தமிழ்நாட்டில் வீட்டில் மராத்தி பேசுகிறார்கள். அதில் தமிழ் கலந்திருக்கிறது. புனேக்காரர் காதுக்கு அது புதிய மொழி போல ஒலிக்கும்.

மூன்று சுழியும் இரண்டு சுழியும்

மராத்தியில் தண்ணீருக்குப் 'பாணி' என்று பெயர். மூன்று சுழி 'ண'. கிராமத்து மக்கள் பலர் இதைப் 'பானி' என்பார்கள். இரண்டு சுழி 'ன'. ஒரு சுழிதான் குறைகிறது. ஆனால் அந்த ஒரு சுழியை வைத்து, "இவன் படிக்காதவன், தாழ்ந்தவன்" என்று எடை போட்டவர்கள் உண்டு.

தமிழில் வாழைப்பழத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் 'வாளப்பளம்' என்பார். இன்னொருவர் 'வாயப்பயம்' என்பார். உடனே சிரிப்பு எழும். சிரிப்பவருக்கு அது விளையாட்டு. கேட்பவர் அன்று முதல் வாய் திறக்க மாட்டார். வகுப்பில் பேச மாட்டார். மருத்துவமனையில் நோயைச் சரியாகச் சொல்ல மாட்டார். ரேஷன் கடையில் குறைவாகக் கொடுத்தாலும் கேட்க மாட்டார். கேலி பேசுவதன் நஷ்டம் இதுதான்.

புனேப் பேச்சு எப்படி 'நல்ல மராத்தி' ஆயிற்று? 18-ஆம் நூற்றாண்டில் பேஷ்வாக்களின் தலைநகரம் புனே. பிறகு பள்ளிகளும் அச்சகங்களும் அங்கே வந்தன. 1881-இல் 'கேசரி' பத்திரிகை அங்கேதான் தொடங்கியது. அதிகாரமும் அச்சும் இருந்த இடத்துப் பேச்சு புத்தகத்தில் ஏறியது. மற்ற ஊர்ப் பேச்சு புத்தகத்தில் ஏறவில்லை. அதற்காக அது மட்டம் ஆகிவிடுமா?

அதே புனேயில்தான் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் 1848-இல் பெண்களுக்குப் பள்ளி திறந்தார்கள். புலே உழவர்களுக்குப் புரியும் மராத்தியில் எழுதினார். அந்தக் காலத்துப் பண்டிதர் ஒருவர் அவருடைய மொழியைக் கேலி செய்தார். இலக்கணப் பிழை என்றார். புலே எழுதுவதை நிறுத்தவில்லை. இன்று நாடு முழுவதும் புலேயைப் படிக்கிறது.

எழுதத் தெரியாத கவிஞர்

ஜள்காவ் மாவட்டத்தில் அசோதே என்ற கிராமம். அங்கே 1880-இல் பிறந்தவர் பஹிணாபாய் சௌத்ரி. விவசாயக் குடும்பத்துப் பெண். எழுதவும் படிக்கவும் தெரியாது. மாவு அரைக்கும்போதும் வயலில் வேலை செய்யும்போதும் பாட்டுக் கட்டிப் பாடினார். தம் ஊர்ப் பேச்சிலேயே பாடினார். அது புனே மராத்தி அல்ல.

அவருடைய மகன் சோபான்தேவ் ஒரு கவிஞர். தாயின் பாடல்கள் எழுத்தில் ஏறியது அவரால்தான். 1951-இல் பஹிணாபாய் இறந்தார். பிறகு அந்தப் பாடல்களை ஆசார்ய அத்ரே என்ற எழுத்தாளர் பார்த்தார். வியந்துபோனார். அவருடைய முயற்சியால் 1952-இல் அவை புத்தகமாக வந்தன. 2018-இல் ஜள்காவில் உள்ள பல்கலைக்கழகத்துக்கே பஹிணாபாய் பெயரை வைத்தார்கள்.

தமிழிலும் ஒருவர் உண்டு. கோவில்பட்டி அருகே இடைசெவல் கிராமத்தில் பிறந்த கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. கரிசல் காட்டு மக்கள் பேசும் பேச்சிலேயே கதை எழுதினார். அந்தச் சொற்களைத் தொகுத்து ஓர் அகராதியும் செய்தார். 1991-இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியர் ஆக்கியது.

எரிச்சல் மூட்டும் சொற்கள்

ஊர்ப் பேச்சு வேறு. புண்படுத்தும் பேச்சு வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தெற்கில் இருந்து வருகிற எல்லோரையும் 'மதராசி' என்பார்கள். கேரளக்காரரும் மதராசி, கன்னடக்காரரும் மதராசி. மதராஸ் மாநிலம் 1969-இல் தமிழ்நாடு ஆனது. மதராஸ் நகரம் 1996-இல் சென்னை ஆனது. சொல் மட்டும் போகவில்லை. 'யண்டு குண்டு' என்று நம் மொழிகளைக் கேலி செய்வதும் உண்டு. மும்பையில் 1960-களில் தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்தபோது இந்தக் கேலி அதிகமாகக் கேட்டது.

நாம் மட்டும் ஒழுங்கா? வடக்கே இருந்து வந்த எல்லோரையும் 'சேட்டு' என்கிறோம். 'இந்திக்காரன்' என்கிறோம். மராத்திக்காரரை இந்திக்காரர் என்றால் அவருக்கும் கோபம் வரும். அவர் மொழி மராத்தி அல்லவா?

இன்னும் சில சொற்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. 'கைநாட்டு', 'பட்டிக்காடு'. "அவ வீட்ல சும்மாதான் இருக்கா." விடியற்காலையில் எழுந்து இரவு வரை உழைப்பவளை 'சும்மா' என்கிறோம். இதைச் சொல்கிறவருக்கு அது வெறும் வழக்கம். கேட்கிறவள் மனத்தில் அது முள்.

"நாளைக்கு வாங்க"

எல்லா ஊரிலும் எல்லா மொழியிலும் ஏழைகளைச் சலிக்கவைக்கும் சொல் ஒன்று உண்டு. தமிழில் "நாளைக்கு வாங்க." மராத்தியில் "உத்யா யா." சொல்வது எளிது. கேட்பவருக்கு ஒரு நாள் கூலி போகும்.

மகாராஷ்டிரத்தில் 2015-இல் பொதுச் சேவை உரிமைச் சட்டம் வந்தது. பட்டியலில் உள்ள சேவைகளை அரசு அலுவலகங்கள் குறிப்பிட்ட நாள்களுக்குள் செய்து கொடுக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்தால் ரசீது தர வேண்டும். நாள் தவறினால் மேல் அதிகாரியிடம் முறையீடு செய்யலாம். எத்தனை நாள் என்ற விவரத்தை அலுவலகப் பலகையில் எழுதிப்போட வேண்டும். படிக்கத் தெரிந்தவர் அந்தப் பலகையைப் படிக்கலாம். ரசீதில் உள்ள தேதியைக் காட்டிக் கேட்கலாம்.

புனேக்குப் போகிறவர்கள் மூன்று வாக்கியங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஹளூ போலா" — மெதுவாகப் பேசுங்கள்.

"மலா சமஜ்லா நாஹி" — எனக்குப் புரியவில்லை.

"லிஹூன் த்யா" — எழுதிக் கொடுங்கள்.

புரியவில்லை என்று சொல்வதில் வெட்கம் இல்லை. சந்தையில் அந்தப் பெண்ணும் இதைச் சொல்லியிருந்தால் போதும். கடைக்காரர் கையால் காட்டிக் கேட்டிருப்பார். அவளும் கத்தரிக்காயைக் காட்டியிருப்பாள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் மட்டும் வழங்கும் சொற்கள் எவை? ஐந்து சொற்களை எழுதுங்கள்.

2. உங்கள் பேச்சைக் கேட்டு யாராவது சிரித்தது உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?

3. நீங்கள் வழக்கமாகச் சொல்லும் எந்தச் சொல் பிறரை வருத்தும்? அதற்குப் பதிலாக என்ன சொல்லலாம்?

4. உங்கள் ஊர் அலுவலகத்தில் உள்ள பலகையைப் படியுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது?